ஆலா பறக்கும் இடம்

சசிகலாவுக்குப் பிறந்த வீட்டில் இன்னொரு பேர் இருந்தது. ஆலா. ஆதார் கார்டிலும் ரேஷன் கார்டிலும் ஏறாத பேர். ஆனால் கம்பைநல்லூரில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தப் பேர்தான் அவளுக்கு முன்னால் தெருவுக்குள் போகும்.

பேர் வந்த கதை சின்னதுதான். அவள் பாவாடை கட்டித் திரிந்த வயசு. பெரியப்பா வீட்டில் காதுகுத்து. கிடா வெட்டி, கொல்லையில் பெரிய அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் மைக்செட்காரனைச் சுற்றி நின்றார்கள். இவள் மட்டும் அண்டாவை விட்டு நகரவில்லை. புகை இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் போவாள், அந்தப் பக்கம் அடித்தால் இந்தப் பக்கம் வருவாள். சமையல்காரர் கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் இவளுடைய இரண்டு கையும் தன்னால் மேலே எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அத்தை, "அடியே, இது யாரு வூட்டுப் புள்ள? ஆலாப் பறக்குது!" என்றாள். கொல்லையே சிரித்தது.

அப்படிச் சொல்வது ஊரில் உள்ளதுதான். பந்தியில் இடம் பிடிக்க முண்டுகிறவன் ஆலாப் பறக்கிறான். பங்காளி நிலத்தில் வரப்பை ஒரு சாண் தள்ளிப் போடுகிறவன் ஆலாப் பறக்கிறான். சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். சசிகலாவுக்கு மட்டும் அது மறக்கவிடாமல் ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவள் அக்கா நிர்மலாதேவி. தங்கச்சியைக் கூப்பிட அவளுக்கு அதைவிடச் சுருக்கமான பேர் கிடைக்கவில்லை.

நிர்மலாதேவி கெட்டவள் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள், அவ்வளவுதான். சேலை மடிப்பு கலையக்கூடாது, வாசல் கோலம் கோணக்கூடாது, நாலு பேர் நடுவில் வாய் பெரிசாகத் திறக்கக்கூடாது. சசிகலா கல்யாணமாகி இண்டூருக்குப் போன புதிதில், விருந்துக்கு வந்த நிர்மலாதேவி, மாமியார் கையில் கரண்டி இருப்பதைப் பார்த்து, "பாத்துப் போடுங்க அத்தை, இவ ஆலா. சட்டியோட முழுங்கிடுவா" என்று விளையாட்டாகச் சொன்னாள். மாமியாரும் சிரித்தார், மச்சினரும் சிரித்தார்.

சசிகலாவும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் வயிறாரச் சாப்பிட்டதே கிடையாது. இலையில் வைத்ததைக் கோழி கொத்துவது போலக் கொத்திவிட்டு எழுந்துவிடுவாள். எல்லோரும் கை கழுவிப் போன பிறகு அடுக்களையில் அடுப்பு மேடையோரம் நின்றுகொண்டு சட்டியில் மிச்சமிருப்பதைப் பிசைந்து சாப்பிடுவாள். அது அவளுக்குப் பழகிவிட்டது.

புருஷன் மாதவராஜ் இதைக் கல்யாணமான மாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கேட்கவில்லை. அந்தப் பேரைச் சொல்லி ஒருநாளும் அவளைக் கூப்பிடவும் இல்லை. விருந்துக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே தன் இலையிலுள்ள வறுவலை அவள் இலைக்குத் தள்ளிவிடுவார். தள்ளின கை யாருடையது என்றே தெரியாது. சாமந்தி, கோழிக்கொண்டை என்று பூ விவசாயம் செய்கிறவர். தர்மபுரி மார்க்கெட்டுக்கு விடியக்காலம் பூ ஏற்றிப் போய்த் திரும்பும்போது ஏதாவது ஒரு பொட்டலம் கையில் இருக்கும். அவளுக்கு வாழ்க்கையில் பெரிய குறை என்று ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் அவ்வப்போது மனதில் வந்து போகும். இந்த ஆலா என்பது என்ன?

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரைக் கேட்டிருக்கிறாள். "ஆலமரம்மா. விழுது வுட்டு, கிளை வுட்டு, இருக்கற எடத்தையெல்லாம் வளைச்சுக்குமில்ல" என்றார். கொஞ்ச நாள் அதை நம்பினாள். பிறகு ஒருநாள் மாட்டுக்குப் புல் அறுக்கும்போது, மரம் எப்படிப் பறக்கும் என்று தோன்றியது. இண்டூரில் பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவளைக் கேட்டால், "எங்க பாஷையில ஹாளுன்னா பாழாப் போறது. சோத்தப் பாழாக்கறவள அப்படிச் சொல்லியிருப்பாங்க" என்றாள். அது சசிகலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பேராசைக்காரி என்றால்கூடப் பரவாயில்லை. ஒரு பருக்கையைக்கூடக் கீழே சிந்தாதவளைப் பார்த்துப் பாழாக்குகிறவள் என்பதா?

சேலத்தில் படிக்கும் அவள் மகன், "அது ஆளாளுக்குப் பறக்கறதும்மா, நீங்கதான் தப்பாச் சொல்றீங்க" என்றான். மாதவராஜைக் கேட்டாள். "சொல்றவங்க வாய்க்கு எதுகை மோனையா வந்திருக்கும். வுடு சசி" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

மாசி மாசத்தில் நிர்மலாதேவியிடமிருந்து போன் வந்தது. அவள் மகள் காவியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு. பார்க்கிறதென்ன, காவியாவே பார்த்து வைத்துவிட்டாள். ஓசூரில் அவள் வேலை செய்யும் கம்பெனியிலேயே வேலை செய்கிற பையன், சரத். சொந்த ஊர் ஏரியூர்ப் பக்கம் நாகமரை. மேட்டூர் அணைத் தண்ணி தேங்கி நிற்கிற கரையோரம். அப்பா பரிசலும் வலையும் வைத்து மீன் பிடிக்கிறவர். பையன் வீட்டார் முறைப்படி கம்பைநல்லூருக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இனி பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம கார் எடுத்துக்கிட்டு வர்றோம். உங்க ரெண்டு பேரையும் இண்டூர்ல ஏத்திக்கறோம். ரெடியா இருங்க" என்றாள் நிர்மலாதேவி. கொஞ்சம் நிறுத்தி, "அங்கெல்லாம் மீனாத்தான் செஞ்சு வெச்சிருப்பாங்க. அங்க வந்து ஆலாப் பறக்காத. பொண்ணு வூட்டுக்காரங்க நாம. தொட்டுக்கிட்டு எழுந்துடணும்."

"சரிக்கா" என்றாள் சசிகலா.

"கோவிச்சுக்காத. மொதல் தடவ போறோம். நாம எப்பிடிப்பட்ட குடும்பம்னு பாப்பாங்க."

"சரிக்கா, எனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. ஓட்டுகிற இடத்தில் அக்கா புருஷன் ஜெயபால். கம்பைநல்லூரில் புளி மண்டி வைத்திருப்பவர். வாய் அதிகம் திறக்காத மனுஷர். பின்னால் காவியா ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சசிகலா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குக் கை ஜில்லென்று இருந்தது.

"பயமா இருக்குதா?"

"அவங்க அம்மா ரொம்பப் பேசமாட்டாங்க சித்தி. மனசுல என்ன இருக்குன்னே தெரியாது. நம்மளப் புடிக்கலன்னா?"

"நம்மளையா? யாருக்குடி புடிக்காமப் போவும்?" என்றாள் நிர்மலாதேவி முன்சீட்டிலிருந்து, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே.

பென்னாகரம் தாண்டி ஏரியூர் வந்து, அங்கிருந்து இறக்கத்தில் போனார்கள். இரண்டு பக்கமும் ஆடு மேயும் கரடு, வெயிலில் காய்ந்த புல். ஒரு திருப்பத்தில் திடீரென்று தண்ணீர் தெரிந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். மாசி ஆனதால் தண்ணி உள்வாங்கி, கரையில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் அங்கங்கே மண்திட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. சசிகலா அதுவரை இவ்வளவு தண்ணியை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கார் நின்ற பிறகும் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரத்தின் அப்பா முனிராஜ் கரையிலேயே காத்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, மேலே புதுச்சட்டை போட்டிருந்தார். சட்டை மடிப்பிலிருந்த அட்டையின் கோடுகூட இன்னும் போகவில்லை. பக்கத்தில் சரத். "வாங்க, வாங்க. வழி சுத்திட்டீங்களா? மொதல்ல வந்து தண்ணியப் பாருங்க, அப்பறம் வூட்டப் பாக்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாகத் தண்ணியோரம் அழைத்துப் போனார். பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வலை காய்ந்துகொண்டிருந்தது. நிர்மலாதேவி சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள்.

பேச்சு நடுவில் முனிராஜ் தண்ணியைப் பார்த்தார். முகம் மாறியது. "டேய் சரத்து! ஆலா! அங்க பாரு, ஆலா பறக்குது!"

சசிகலா தண்ணியைப் பார்க்கவில்லை, முனிராஜைப் பார்த்தாள். இங்கேயுமா? யார் சொன்னது? காவியாவா? திரும்பினால் நிர்மலாதேவி முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மாதவராஜ் முகம் இறுகியது. ஒரு அடி முன்னால் வந்து சசிகலாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டாள் சசிகலா.

"ஆலாங்க. அதோ, அந்தக் குருவி. பாத்தீங்களா, திட்டுக்கு இந்தப் பக்கம்?"

அவர் கை காட்டின பக்கம் அவள் பார்த்தாள். சாம்பலும் வெள்ளையுமாக ஒரு பறவை. தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி. மூக்கு மஞ்சளாக இருந்தது. வால் இரண்டாகப் பிளந்திருந்தது. தண்ணிக்கு மேலே ஒரே இடத்தில் நின்றது. பறவை எப்படிக் காற்றில் நிற்கும்? இது நின்றது. இறக்கை இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, உடம்பு ஆணி அடித்த மாதிரி அசையாமல், தலை மட்டும் குனிந்து தண்ணிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி அந்தப் படபடப்பு.

அண்டாவுக்குப் பக்கத்தில் எழும்பின தன்னுடைய இரண்டு கையும் சசிகலாவுக்கு ஞாபகம் வந்தது.

பறவை இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தது. தண்ணி தெறித்தது. எழுந்தபோது மூக்கில் வெள்ளியாய் ஒரு மீன் துடித்தது.

"அட!" என்றார் ஜெயபால். காரை விட்டு இறங்கியதிலிருந்து அவர் பேசின முதல் வார்த்தை.

"அது பறந்துச்சுன்னா அங்க பொடிமீனு மேல ஏறியிருக்குதுன்னு அர்த்தம்" என்றார் முனிராஜ். "பொடிமீன வெரட்டிக்கிட்டுப் பெரிய மீனும் வந்திருக்கும். எங்களுக்கு அதான் நல்ல சேதி. நீங்க வந்த நேரம் பாருங்க, கண்ணு முன்னாடியே பறக்குது."

"எங்க ஊர்ல ஆலாப் பறக்கறான்னு சொல்லுவாங்க" என்றாள் சசிகலா. "தீனிக்கு அலையறவங்கள."

"இங்கயும் சொல்லுவாங்க, சொல்லாம என்ன? இதப் பாத்துத்தானே சொன்னது! எந்நேரமும் பசி, எந்நேரமும் தண்ணிமேலயே கண்ணு." முனிராஜ் சிரித்தார். "ஆனா அந்த மீன அதா திங்குது? பாருங்க."

பறவை மீனோடு மண்திட்டில் போய் இறங்கியது. அங்கே இன்னொரு ஆலா உட்கார்ந்திருந்தது. இது கழுத்தை நீட்டி, இரண்டு மூன்று தடவை அதைச் சுற்றி நடந்து, மீனை அதன் வாயில் கொடுத்தது. கொடுத்துவிட்டு உடனே மேலே எழும்பிவிட்டது.

"பொட்டைக்கு. இது முட்டையிடற காலம். குஞ்சு பொரிச்சா அதுக்கும் இப்பிடித்தான் சுமக்கும். தன் வவுத்துக்கும் திங்கும், இல்லைங்கல. மொத்தத்துல ஒக்காராது."

சசிகலா அது போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினாள். இத்தனை வருஷமாக ஆலமரம் என்றும் பாழ் என்றும் தான் அலசிப் பார்த்த சொல், இங்கே சேற்றங்கரையில் ரத்தமும் சதையுமாகப் பறந்துகொண்டிருந்தது. அழகாக வேறு இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாதவராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார் மெல்ல. எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

வீடு மேட்டில் இருந்தது. சிமென்ட் வீடு, முன்னால் தகரக் கொட்டகை. சரத்தின் அம்மா அன்பரசி வாசலுக்கு வந்து கும்பிட்டு, "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காவியா சொன்னது சரிதான். ஒட்ட வாரிய தலை, அடுப்பு வெக்கையில் சிவந்த முகம். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். அப்புறம் வாசனை வந்தது. மண்சட்டியில் மாங்காய்ப் பிஞ்சு போட்டுக் கொதிக்கவிட்ட மீன் குழம்பு. வாழையிலையில் மசாலா தடவி வாட்டின ஜிலேபி மீன். கட்லா மீன் தலை தனியாக ஒரு சட்டியில். நடுவில் கேழ்வரகுக் களி, பந்து பந்தாக உருட்டி, மேலே நெய் மினுங்க. சோறும் இருந்தது. விடியுமுன்னே எழுந்தால்தான் ஒருத்தி கையால் இவ்வளவும் செய்ய முடியும்.

நிர்மலாதேவி களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தாள். மீன் துண்டை இலை ஓரத்துக்குத் தள்ளினாள். ஜெயபால் மீன்தலைச் சட்டியை ஒரு தரம் பார்த்தார், பொண்டாட்டியை ஒரு தரம் பார்த்தார், சோற்றில் மோரை ஊற்றச் சொன்னார். காவியாவுக்குப் பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை. சசிகலாவும் அக்கா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கொத்திக்கொண்டிருந்தாள். நாக்கு அதன் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது.

அன்பரசி குழம்புக் கரண்டியோடு வந்தாள். "மீனு ஆவாதுங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. போதும்" என்றாள் நிர்மலாதேவி, இலையைக் கையால் மறைத்தபடி.

அன்பரசி ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

கை கழுவும் சாக்கில் சசிகலா கொல்லைப்பக்கம் போனாள். அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அன்பரசி சரத்திடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கையே நனைக்கலடா. தொட்டும் தொடாமலும் ஒக்காந்திருக்காங்க. நம்ம வூடும் வேணாம், நம்ம சோறும் வேணாம்ங்கறத வேற எப்பிடிச் சொல்லுவாங்க?"

"அப்பிடியெல்லாம் இல்லம்மா…"

"பெரிய எடம். மண்டிக்காரங்க. மீனு நாத்தம் புடிக்காது. தப்பில்ல. ஆனா அந்தப் புள்ளைய நான் மனசுல வெச்சுட்டேன், அதான்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சசிகலா ஜன்னலை விட்டு விலகி நின்றாள். கை நனைப்பது என்றால் சம்மதம். நனைக்காவிட்டால் சம்மதமில்லை. இது எல்லா வீட்டிலும் உள்ளது. மரியாதை என்று நினைத்துக் கிள்ளிக் கிள்ளி வைத்தது, அடுக்களையில் இப்படி வந்து விழுந்திருக்கிறது. இப்போதே போய் அக்காவிடம் காதில் சொல்லலாம். அக்கா, 'அப்படியா' என்று இன்னும் இரண்டு கிள்ளு கிள்ளுவாள். அதனால் என்ன ஆகும்?

அவள் கை கழுவாமலே திரும்பினாள். கூடத்துக்கு வந்து தன் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அண்ணி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அந்தக் கொழம்புச் சட்டிய அப்பிடியே இங்க கொண்டாங்க. வாட்டின மீனும் இன்னொண்ணு வேணும். களி ரெண்டு வைங்க."

கூடம் அமைதியாகிவிட்டது. அன்பரசி சட்டியோடு அடுக்களை வாசற்படியில் நின்றாள். முகத்தை அவசரமாகத் துடைத்தது தெரிந்தது.

"போடுங்கண்ணி. நெறைய ஊத்துங்க."

அன்பரசி ஊற்றினாள். சசிகலா களியைப் பிட்டு, குழம்பில் முக்கி விழுங்கினாள். மாங்காய் புளிப்பு நாக்கில் ஏறியது, மிளகாய் காரம் காதில் ஏறியது. மீனை விரலால் பிளந்து நடுமுள்ளை முழுசாக உருவி ஓரம் வைத்தாள். ஜிலேபி மீனின் மசாலா ஊறின தோலை முதலில் தின்றாள். அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. பந்தியில் இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து வாய் நிறையச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! நெற்றியில் வேர்வை துளிர்த்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

"ஏய், ஆலா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் நிர்மலாதேவி. மெல்லத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் அது கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"ஆலாவா?" என்றார் முனிராஜ்.

சசிகலா வாயிலிருந்ததை விழுங்கினாள். "எம் பேருதாங்க. சின்னதுலருந்து எங்க வூட்டுல அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. இன்னிக்கித்தான் அது என்னன்னு பாத்தேன்."

முனிராஜ் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்பறமென்ன! மீனு இருக்கற எடம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க! அன்பு, நீ அவங்க முன்னாடியே ஒக்காந்து பரிமாறு. சட்டி காலியாவற வரைக்கும் எந்திரிக்காத."

அன்பரசி சிரித்தது அப்போதுதான். முகமே வேறாகிவிட்டது. சட்டியைத் தரையில் வைத்து எதிரில் உட்கார்ந்தாள். "காரம் தூக்கலா இருக்குதாண்ணி?"

"இருக்குது. அதான் நல்லா இருக்குது." சசிகலா கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். "எங்கக்கா சாப்பிடலன்னு தப்பா நெனைக்காதீங்க. அவளுக்கு முள்ளுன்னா பயம். சின்னதுல தொண்டையில மாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சொல்ல வெக்கம். மீனப் பாத்தாலே இப்பிடித்தான் ஓரமாத் தள்ளுவா."

நிர்மலாதேவியின் காது மடல் சிவந்துபோயிற்று. "இதையெல்லாம் இங்க…"

"இதுக்கா!" என்று கத்தியே விட்டாள் அன்பரசி. "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேனே!" எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து நிர்மலாதேவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்லாவின் வயிற்றுத் துண்டை எடுத்து, ஒவ்வொரு முள்ளாகப் பார்த்து எடுத்துவிட்டு, வெறும் சதையை இலையில் வைத்தாள். குழந்தைக்கு வைக்கிற மாதிரி. "இப்பச் சாப்பிடுங்க. முள்ளு இருந்தா என்னக் கேளுங்க."

நிர்மலாதேவி அந்தச் சதையைப் பார்த்தாள். வாயில் வைத்தாள். மென்றாள். மறுபடி வைத்தாள். பிறகு இலையை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"ஏங்க," என்றார் ஜெயபால் முனிராஜிடம், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அந்தத் தல யாருக்காச்சும் வேணுமா?"

தலை முழுசாக அவர் இலைக்கு வந்தது. குழம்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பழைய புளி. போன வருசத்துது. நல்ல சரக்கு" என்றார். பிறகு தலையைப் பிளக்க ஆரம்பித்தார். காவியா சரத்தைப் பார்த்தாள். சரத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவளுக்கும் அப்போது பசி வந்துவிட்டது. மாதவராஜின் கை வழக்கம்போலச் சசிகலா இலைப்பக்கம் ஒரு துண்டோடு நகர்ந்தது. "உங்களுக்கு வேணாமா? சாப்பிடுங்க" என்று அவள் அதை அவர் இலைக்கே தள்ளிவிட்டாள்.

சாப்பாடு முடிந்து வெயில் தாழ எல்லோரும் மறுபடி கரைக்கு வந்தார்கள். பரிசலில் ஒரு சுற்றுப் போனார்கள். நிர்மலாதேவி மட்டும் ஏறவில்லை, அன்பரசியோடு கரையில் உட்கார்ந்துகொண்டாள். பரிசலில் காவியா போனில் தேடிப் பார்த்து, "சித்தி, இது ஆத்து ஆலாவாம். கடல்ல இருக்கறது வேற ஆலாவாம், அதுலயே பல ஜாதி இருக்குதாம். மீன் பிடிக்கறப்போ தண்ணிமேல அப்பிடியே நின்னு பறக்குமாம்" என்று படித்தாள்.

"அப்ப மொதல்ல கடலோரத்துலதான் யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்றார் மாதவராஜ். "அங்கருந்து ஊர் ஊரா வந்திருக்கும். உப்பு வண்டியில கருவாட்டுக்காரனோட."

சசிகலாவுக்கு அது சரியாகப் பட்டது. கம்பைநல்லூர்க் கொல்லையில் அன்று அப்படிச் சொன்ன அந்த அத்தை சாகும்வரை ஆலாவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள். பறவை தண்ணியோரத்திலேயே தங்கிவிட்டது, அதன் பேர் மட்டும் மேட்டுக்காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் மீனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறதெல்லாம் உதிர்ந்துபோய், பறக்கிறது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவள் கையைத் தண்ணியில் விட்டு அளைந்துகொண்டே போனாள். வயிறு நிறைந்திருந்தது. வேறெதையும் பற்றி நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது காரில் நிர்மலாதேவி ஏரியூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா கோபமாக இருக்கிறாளா என்று சசிகலா முன்சீட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். தெரியவில்லை.

"அந்தம்மா நல்ல மாதிரி" என்றாள் நிர்மலாதேவி கடைசியில். "கரையில ஒக்காந்து நெறையப் பேசுனாங்க. வாயே தெறக்காதுன்னு சொன்னியேடி காவியா?"

"நீங்க பேசவுடலயே, அதனாலயா இருக்கும்" என்றாள் காவியா.

"கொழுப்பு." நிர்மலாதேவி திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள். "முள்ளு விசயத்த எதுக்குடி சொன்ன?"

"சொல்லலன்னா கல்யாணம் நின்னிருக்கும்." கொல்லையில் கேட்டதைச் சசிகலா சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை நிர்மலாதேவி பின்னால் திரும்பின தலையை முன்னால் திருப்பவில்லை. ஜெயபால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

"அழுதாங்களா?" என்று கேட்டாள் நிர்மலாதேவி.

"ஆமாக்கா."

"ஐயோ." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "நான் மரியாதைன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, வைகாசியில வெச்சுக்கலாம். பென்னாகரத்துல மண்டபம் பாக்கலாம், ரெண்டு பக்கத்துக்கும் நடு. பூவெல்லாம் மாதவராஜ் பொறுப்பு."

"சாமந்தி வைகாசியில கம்மியாத்தான் வருமுங்க அண்ணி. கோழிக்கொண்டை வேணும்னா போடலாம்" என்றார் மாதவராஜ்.

"கோழிக்கொண்டையில மணவறையா? யாராச்சும் சிரிக்கப் போறாங்க."

"செவப்பு நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள் காவியா.

"உன்ன யாரு கேட்டா?"

விருந்து தர்மபுரிச் சமையல்காரரா, அன்பரசியின் அண்ணன் ஆட்களா, கல்யாணத்தன்று சைவமும் மறுநாள் மீனுமா, மீனென்றால் முள்ளில்லாத மீன் எது என்று பேச்சு ஏறிக்கொண்டே போனது. ஜெயபால்கூட இரண்டு தரம் வாய் திறந்தார். இண்டூரில் கார் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. காவியாவின் தலை சசிகலாவின் தோளில் சாய்ந்திருந்தது.

"உள்ள வாங்கக்கா, காப்பி வெக்கறேன்" என்றாள் சசிகலா.

"நேரமாச்சு" என்றாள் நிர்மலாதேவி. ஆனால் முதலில் கதவைத் திறந்து இறங்கியவள் அவள்தான்.